வீட்டிலேயே கார் ஸ்பிரிங் மாற்றலாம்: சத்தம் வராமல் பூட்டும் முறை

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று திருநெல்வேலி மாவட்டக் கடலோரம் ஓடும் கார்களில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ்க் கடைசிச் சுற்றில்தான் ஒடியும். ஷாக்கின் தட்டில் தேரி மணலும் ஈரமும் தங்கி ஸ்பிரிங்கின் பெயின்ட்டைத் தேய்க்கும். உப்புக்காற்று அந்த இடத்தில் துருவைக் கிளப்பும். ஒருநாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டங்' என்று ஒடிந்துவிடும். புதிய ஸ்பிரிங் கடையில் கிடைக்கிறது, மாற்றவும் முடிகிறது. ஆனால் மாற்றிய மறு வாரமே முன்பு இல்லாத சத்தத்தோடு வண்டி பட்டறைக்குப் போகிறது. அநேகமாக அந்தச் சத்தம் ஸ்பிரிங்கின் குறை அல்ல. ஸ்பிரிங்கின் நுனி தட்டில் உட்காரும் இடம், ஷாக்கின் தலையைப் பாடியோடு பூட்டும் மேல் மவுண்டிங்கின் பேரிங், ரப்பர் புஷ் போல்ட்களை முறுக்கிய நேரம் ஆகிய மூன்றில் ஒன்று பூட்டும்போதே தவறியிருக்கும்.

இங்கே சொல்வது முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தண்டாக நிற்கும், பின்பக்கம் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும் சிறிய கார்களுக்கு. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ10, ஐ20 எல்லாம் இந்த வகை. இன்னோவா, பொலேரோ போன்றவற்றின் அமைப்பு வேறு, அவற்றுக்கு இது பொருந்தாது.

1. ஸ்பிரிங்தான் போயிற்றா?

சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், உள்ளே ஆளோ சாமானோ இருக்கக் கூடாது. வீலின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் செங்குத்தாக அளந்து நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். இடது வலது வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். டார்ச் அடித்துக் கீழ்ச் சுற்றின் நுனியைப் பாருங்கள். ஒடிந்திருந்தால் நுனி கரடுமுரடாக, புதுத்துரு நிறத்தில் தெரியும். அப்படி ஒடிந்த நுனி டயரை ஒட்டி நின்றால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். டயரின் பக்கவாட்டை அது கிழித்துவிடும்.

உயரம் நான்கிலும் சரியாக இருந்து, சின்னப் பள்ளங்களில் மட்டும் 'டக் டக்' என்று கேட்டால் முதலில் லிங்க் ராடை, அதாவது ஷாக்கையும் ஸ்டெபிலைசர் கம்பியையும் இணைக்கும் சிறு தண்டைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் முடிய வேண்டிய வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது இந்த இடத்தில்தான். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் ஷாக்கும் போய்விட்டது, ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பிரிப்பதும் பூட்டுவதும் ஒரே வேலைதான்.

2. ஆர்சி, சேஸிஸ் எண், பில்

ஸ்பேர் கடைக்கு ஆர்சியின் நகலைக் கையோடு கொண்டு போங்கள். 'ஸ்விஃப்ட்டுக்கு முன் ஸ்பிரிங் வேணும் அண்ணாச்சி' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் அகப்பட்டதை எடுத்துத் தருவார். டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் ஒரே காரிலேயே இரண்டுக்கும் முன் ஸ்பிரிங் மாறும். சிஎன்ஜி வண்டியில் சிலிண்டரின் பாரத்துக்காகப் பின் ஸ்பிரிங் மாறலாம். சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் வைத்துப் பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஸ்பிரிங்கில் வண்ணப் புள்ளிகள் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவை ஸ்பிரிங்கின் வகையைக் காட்டும் அடையாளங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். ஒருமுறை பூட்டிய ஸ்பிரிங்கைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். அதனால் பூட்டுமுன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சுற்று எண்ணிக்கை, கம்பியின் தடிமன், நுனிச் சுற்றின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். புதியது உயரத்தில் சற்றுக் கூடுதலாக இருக்கும். பழையது அமுங்கிப் போயிருப்பதால் அது இயல்பு. அந்த மூன்றில் ஒன்று மாறினாலும் திருப்பிக் கொடுங்கள்.

வண்டியைத் தாழ்த்தவோ உயர்த்தவோ வேறு அளவு ஸ்பிரிங் போட நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி அப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு வரலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் கேள்வி எழும். கம்பெனி அளவிலேயே மாற்றுவதற்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள்.

3. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

சிறிய காருக்கு முன் ஸ்பிரிங் ஜோடி 2,000 முதல் 4,000 ரூபாய் வரை என்று பணம் ஒதுக்குங்கள். மேல் மவுண்டிங்கும் பேரிங்கும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1,000 முதல் 2,500 வரை ஆகும். ஷாக் அடிவரை அமுங்கி மோதாமல் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை, மேல் கீழ் ரப்பர் தட்டுகள் எல்லாமாக இன்னொரு 1,000. ரப்பரை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பத்து வருட வண்டியின் ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். அதை மறுபடியும் வைத்துப் பூட்டினால் இரும்பும் இரும்பும் தட்டும் சத்தம் உறுதி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் வந்த வெள்ளத்தில் உங்கள் வண்டி நின்றிருந்தால் மேல் பேரிங்கைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், புதியதே போடுங்கள். தண்ணீர் புகுந்த பேரிங் கையில் சுற்றும்போது நன்றாகச் சுற்றும், பாரம் ஏறியதும் பிடிக்கும்.

கருவிகளில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு ஜோடி, 2 டன் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, தள்ளு ஜாக்கி ஒன்று, நட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லாம் புதிதாக வாங்கினால் ஸ்பிரிங்கின் விலையை மிஞ்சும், ஆகவே டார்க் ரெஞ்சையும் ஜாக்கியையும் தெரிந்த பட்டறையில் ஒருநாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். கம்ப்ரஸரை மட்டும் இரவல் வாங்காதீர்கள். மரை தேய்ந்த கம்ப்ரஸர் உயிருக்கு ஆபத்து. இவை போக 14, 17, 19 எண் பாக்ஸ், ரிங் ஸ்பேனர்கள், 5, 6 எண் ஆலன் கீ, துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், சிலிகான் கிரீஸ், வெள்ளை மார்க்கர், கட்டுக்கம்பி.

4. எந்த நாளில், எந்தத் தரையில்

ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஒரு நட்டின் மரை போனாலும் கடை திறக்கும்வரை வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். சனிக்கிழமை விடியற்காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். கழற்ற வேண்டிய எல்லா நட்டிலும் முந்தின மாலையே ஸ்ப்ரே அடித்து வையுங்கள். முதல்முறை செய்பவருக்கு முன்பக்கம் இரண்டும் முடிய 6 மணி நேரம் ஆகும், பின்பக்கம் 2 மணி நேரம். இரண்டாவது பக்கம் முதல் பக்கத்தின் பாதி நேரத்தில் முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் முன்பக்கத்தை ஒருநாளும் பின்பக்கத்தை மறுவாரமும் வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கத்தவர்கள் ஆனி, ஆடிக் காற்றில் திறந்த வெளியில் பேரிங்கைப் பிரிக்காதீர்கள், கிரீஸெல்லாம் மண்ணாகிவிடும்.

தரை சிமென்டாக இருக்க வேண்டும். செம்மண்ணிலும் பேவர் பிளாக்கிலும் ஸ்டாண்டின் கால் இறங்கும். வேறு வழியில்லை என்றால் இரண்டு அங்குலத் தடிமனில் அகலமான மரப்பலகையை அடியில் போடுங்கள். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடை கொடுக்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வண்டியோடு வந்த சிறு ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை நம்பி அடியில் கை நீட்டக் கூடாது.

5. முன்பக்கம் கழற்றுதல்

ஹேண்ட்பிரேக், முதல் கியர், பின் டயர்களுக்குப் பின்னால் கட்டை. வீல் நட்டுகளைத் தரையிலேயே இளக்கிக்கொண்டு, முன்பக்கம் இரண்டையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டிலும் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராடு போல்ட் வெளியே வராது, திரும்ப ஏறவும் ஏறாது.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டையும் ஷாக்கின் பிராக்கெட்டிலிருந்து விடுவியுங்கள். லிங்க் ராடின் நட்டைக் கழற்றும்போது உள்தண்டு கூடவே சுற்றும், அதன் முனையில் ஆலன் கீயைப் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீலைத் தாங்கி ஷாக்கின் அடியோடு சேரும் இரும்புத் துண்டுதான் நக்கிள். அதன் இரண்டு பெரிய போல்ட்களைத் தொடுமுன் ஷாக்கும் நக்கிளும் சேரும் இடத்தில் மார்க்கரால் கோடு இழுங்கள். அந்தத் துளையில் இருக்கும் சிறு இடைவெளியே கேம்பரை, அதாவது வீலின் சாய்வை மாற்றிவிடும்.

பானெட்டைத் திறந்து மேல் மவுண்டிங்கின் சிறு நட்டுகளை இளக்குங்கள். சில கார்களில் அவற்றை எட்ட வைப்பர் கையையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்ற வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை இப்போது தொடவே கூடாது. ஸ்பிரிங்கின் முழு விசையையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். நக்கிள் போல்ட்களை உருவியதும் நக்கிளை வெளிப்பக்கம் சாயவிடாமல் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். சாய்ந்தால் வீலைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்று வரும், பிரேக் ஹோஸும் இழுபடும். பிறகு சிறு நட்டுகளை எடுத்துத் தண்டை இறக்குங்கள்.

6. ஸ்பிரிங்கை அமுக்குதல்

முதல்முறை செய்பவர்களுக்கு எங்கள் யோசனை இது: கழற்றிய இரண்டு தண்டையும் சாக்கில் கட்டி, சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குக் கொண்டு போய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வாருங்கள். கூலி சில நூறு ரூபாய்தான். ஒடிந்த ஸ்பிரிங் என்றால் இது யோசனை அல்ல, கட்டாயம். ஒடிந்த சுற்றில் கொக்கி நிற்காது. பட்டறையில் அடுத்த பகுதியில் சொல்வதை நின்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்வதானால் விசையின் அளவு தெரிந்திருக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அமுக்கினால் 300 கிலோ விசை உள்ளே அடைந்து நிற்கிறது. பிரிக்குமுன் ஸ்பிரிங் நுனி, மேல் தட்டு, மவுண்டிங், ஷாக்கின் பிராக்கெட் நான்கையும் சேர்த்து ஒரே நேர்க்கோடு மார்க் செய்து படம் எடுங்கள். கம்ப்ரஸரின் மரைக்குக் கிரீஸ் போட்டு, கொக்கிகளை ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டுங்கள். கொக்கிக்கு அடியில் துணி வைக்காதீர்கள், வழுக்கும். ஒரு பக்கம் மூன்று சுற்று, மறுபக்கம் மூன்று சுற்று என்று மாறி மாறிக் கையால் முறுக்க வேண்டும். காற்று ரெஞ்ச் கூடாது. தண்டின் இரு முனைக்கும் நேரே முகமோ மார்போ வரக் கூடாது, பக்கத்தில் குழந்தைகளும் நிற்கக் கூடாது.

ஸ்பிரிங் தட்டை விட்டு விலகிக் கையால் ஆட்ட முடிகிற அளவு வந்தால் போதும். அப்போதுதான் நடு நட்டைக் கழற்றலாம். ஷாக்கின் பளபளப்பான கம்பியைக் குறட்டால் பிடித்தால் கீறல் விழும். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஆயில் சீலை அறுக்கும். மேல் முனையில் இருக்கும் ஆலன் கீ துளையைப் பயன்படுத்துங்கள்.

7. சத்தத்தைத் தடுப்பது இங்கேதான்

ஷாக்கின் கீழ்த் தட்டைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் வடியும் துளை மண்ணால் அடைத்திருந்தால் குத்தித் திறந்து, துரு எடுத்த இடத்தில் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். ஒரு மணல் பருக்கை மிஞ்சினாலும் புதிய ஸ்பிரிங்கின் பெயின்ட்டை அது தேய்க்கும், கரகர என்று கேட்கவும் செய்யும்.

தட்டில் ஒரு படி இருக்கும். ஸ்பிரிங்கின் நுனி அந்தப் படியை ஒட்டி, சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் நிற்க வேண்டும். நுனி படிமேல் ஏறி நின்றால் முதல் பெரிய பள்ளத்தில் 'டொங்' என்று குதித்து இறங்கும். தள்ளி நின்றால் ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து தட்டும். எந்த முனை மேலே என்பதைப் பழைய ஸ்பிரிங் இருந்தபடியே பாருங்கள். எழுத்து அச்சிட்டிருந்தால் பொதுவாக அது நேராகப் படிக்கும்படி இருப்பதே சரி.

பம்ப் ஸ்டாப்பையும் தூசி உறையையும் மறந்துவிட்டுப் பூட்டிய வண்டிகள் ஏராளம். பம்ப் ஸ்டாப் இல்லாவிட்டால் ஆள் நிறைந்து ஏறும்போது 'டம்' என்று அடிக்கும், ஷாக்கும் சீக்கிரம் போகும். பேரிங்கின் மேல் கீழ் மாறாமல் வையுங்கள், பெட்ரோலில் கழுவாதீர்கள். மேல் தட்டில் அம்புக்குறியோ வெட்டோ இருந்தால் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதை நீங்கள் எடுத்த படத்தில் பாருங்கள். வாசர்களின் வரிசையும் அதே படத்தில் இருக்கும்.

நடு நட்டைப் புதிதாகப் போட்டு, உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். அதன்பிறகே கம்ப்ரஸரை மாறி மாறி இளக்க வேண்டும். இளக்கும்போது ஸ்பிரிங் சுற்றி நகரும், நுனி படியில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கொக்கி பெயின்ட்டை உரித்த இடத்தில் டச்-அப் அடித்துவிடுங்கள். கடலோர வண்டிக்கு அந்தச் சிறு கீறலே அடுத்த ஒடிவு தொடங்கும் இடம்.

ரப்பர் தட்டுகளில் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். மழைக்கு முன்னால் அடிப்பக்கம் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது புஷ்களில் படக் கூடாது. ரப்பர் ஊதிப் பிளந்து, ஆறு மாதத்தில் கிறீச்சிடும்.

8. பின்பக்கம்

இதற்குக் கம்ப்ரஸர் பெரும்பாலும் தேவைப்படாது. பின் வீல் தரையை விட்டதும் ஹேண்ட்பிரேக் உதவாது, முன் டயர்களின் இருபுறமும் கட்டை போடுங்கள். பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பின் வீலையும் இணைக்கும் பின் பீமுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்களையும் எடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானே தளர்ந்து கையில் வரும். இறக்கும்போது கண் முழுவதும் பிரேக் ஹோஸில் இருக்கட்டும், அது இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். கடப்பாரையால் பீமை நெம்பிக்கொண்டே ஸ்பிரிங் இடுக்கில் கை விடாதீர்கள்.

கீழ்க் குழியில் சேர்ந்திருக்கும் மண்ணை வழித்துக் கழுவுங்கள். மேல் ரப்பரிலும் நுனிக்கு ஒரு படி உண்டு, அதில் பொருத்தி, ஜாக்கியை ஏற்றி, போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கி விடுங்கள்.

9. வண்டி தரையில் நிற்கும்போது முறுக்க வேண்டியவை

வீலைக் கீழிருந்து பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டை இளக்கியிருந்தால் அது, பின் ஷாக்கின் கீழ் போல்ட், இன்னும் ரப்பர் புஷ் வழியாகப் போகும் எதுவானாலும், வீல் தொங்கும்போது இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். முதலில் கிறீச்சிடும், பிறகு கிழியும்.

வண்டியை ஒருமுறை இறக்கி, இரண்டு மூன்று தடவை அமுக்கி விட்டு, வீல் நடுவிலிருந்து மட்கார்டு வரை மறுபடி அளந்துகொள்ளுங்கள். இறங்கிய நிலையில் ஸ்பேனர் எட்டவில்லையென்றால், வண்டியைத் திரும்ப ஸ்டாண்டில் ஏற்றி, அந்த எண் வரும்வரை ஆர்மையோ பீமையோ ஜாக்கியால் தூக்கிப் பிடித்து இறுக்குங்கள். லிங்க் ராடையும் இதே நிலையில் இறுக்குவது நல்லது. வீல் நட்டைக் கடைசியில், குறுக்கு வரிசையில். டார்க் அளவு காருக்குக் கார் மாறும், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஓட்டிப் பார்த்தல், அலைன்மென்ட்

முதலில் தெருவுக்குள் மெதுவாக, பிரேக் பிடித்துப் பார்த்து, வேகத்தடையில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பிறகு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடவிட்டு, திருநெல்வேலியிலிருந்து தென்காசி போய் வரும் தூரம் அது, எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமர்ந்திருக்கும். வீல் அலைன்மென்ட்டை அதற்குப் பிறகு செய்தால் ஒரே செலவில் முடியும். ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ காத்திருக்காமல் அன்றே செய்துவிடுங்கள். கணினியில் எடுத்த அளவுச் சீட்டை வாங்கி ஸ்பிரிங் பில்லோடு பின் பண்ணி, மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்தத் தாள் கேட்டு வாங்குவார்கள்.

11. இத்தனைக்கும் பிறகு சத்தம் வந்தால்

நின்ற வண்டியில் ஒருவர் ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பட்டும். நீங்கள் பானெட்டுக்குள் மேல் மவுண்டிங்கில் உள்ளங்கையை வையுங்கள். வெடுக்கென்று குதிப்பு தெரிந்து 'டொய்ங்' என்று கேட்டால் பேரிங் பிடிக்கிறது, அல்லது ஸ்பிரிங் நுனி படியில் இல்லை. தண்டை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

சின்னக் குலுங்கலில் 'டக் டக்' வந்தால் லிங்க் ராடு நட்டு அல்லது மேல் நட்டுகள். சந்தேகம் தீர, இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் தெருவில் ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி அதிகம் சாயும் என்பதால் மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி லிங்க் ராடு அல்லது ஸ்டெபிலைசர் புஷ்.

வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது கிறீச் என்றால் புஷ்களில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைத்ததும் சற்று நேரம் அடங்கினால் ரப்பர் சத்தம். போல்ட்டை இளக்கி, வண்டி தரையில் நிற்கும் நிலையில் திரும்ப இறுக்கினாலே பாதி வண்டிகளில் போய்விடும். கம்பியின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி 'கட கட' என்றால் நுனிச் சுற்றில் மாட்டும் ரப்பர் குழாய் விடுபட்டிருக்கும். ஸ்பேர் கடையில் அது தனியாகக் கிடைக்கும். அதற்குப் பதிலாக சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றாதீர்கள். அதற்குள் மண்ணும் ஈரமும் தங்கி, ஸ்பிரிங் திரும்பவும் அதே இடத்தில் ஒடியும்.